நீல வரிக்குள் யார் பேர்?

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில், ஏறக்குறைய பாதி வழியில் கந்தர்வக்கோட்டை. சுற்றிலும் முந்திரிக்காடு, கடலைக் கொல்லை, தைலமரத் தோப்பு. அந்தப் பக்கம் சந்தையில் நின்றுகொண்டு "கருப்பையா!" என்று ஒரு சத்தம் போட்டால் எத்தனை தலை திரும்பும் என்று எண்ணிப் பார்க்கலாம். முருகேசன், சின்னத்தம்பி, பழனியப்பன், வீரம்மாள்... தாத்தா பேர் பேரனுக்கு வந்துவிடும். அதனால் ஒரே தெருவில் இரண்டு பேருக்கு ஒரே பேர், ஒரே இனிஷியல்கூட இருக்கும். ஊருக்குள் இதில் குழப்பமே வராது. "மேலத்தெரு கருப்பையா", "டீக்கடை கருப்பையா" என்று ஆளுக்கொரு அடையாளம் உண்டு.

குழப்பம் எங்கே வருகிறது? கம்ப்யூட்டர் திரையில் ஒரு பட்டியலாக அந்தப் பேர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது வருகிறது. அந்தப் பட்டியலில் ஒரு வரியை க்ளிக் செய்தால் அது நீலமாக மாறும். அந்த நீலப் பட்டையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

'இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?' என்று சிரிக்காதீர்கள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் எல்லாரும் ஒரு டேபிள் வைக்கிறோம், அதற்கு ஒரு கலர் கொடுக்கிறோம், வைவா முடிந்ததும் மறந்துவிடுகிறோம். மறக்கக்கூடாத விஷயம் ஒன்று அதில் இருக்கிறது.

ஓர் உரக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். மானிய உரம் வாங்க 2018லிருந்து பிஓஎஸ் கருவியில் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைக்க வேண்டும். அது அரசாங்கக் கணக்கு. ஆனால் 'அறுப்பு முடிஞ்சு தர்றேன்' என்று சொல்லி எடுத்துப்போகிற மூட்டைகளின் கணக்கு, கடைக்காரரின் சொந்தக் கணக்கு. முன்பு அது கடன் நோட்டில் இருந்தது. இப்போது யாரோ ஒரு கல்லூரிப் பையன் எழுதிக் கொடுத்த சின்ன சாஃப்ட்வேரில் இருக்கிறது. வரி வரியாகப் பேர், அப்பா பேர், ஊர், நிலுவை. வரியைத் தேர்ந்தெடுத்து, 'பற்று' பட்டனை அழுத்தி, தொகையை அடித்தால் முடிந்தது.

விரல் ஒரு வரி தவறினால்? நாலு மூட்டை யூரியா வேறொரு கருப்பையாவின் தலையில் ஏறும். ஆறு மாதம் கழித்து அவர் வரும்போது, கடையில் நாலு பேர் நிற்கும்போது, "அண்ணே, உங்க பேர்ல பழைய பாக்கி நிக்குதே" என்று ஒரு குரல் கேட்கும். அவர் வாங்கவே இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் சொல்கிறது. கம்ப்யூட்டர் சொன்னால் பொய்யா இருக்குமா என்று பக்கத்தில் நிற்பவர்கள் பார்ப்பார்கள். பணம் பிறகு சரியாகிவிடும். அந்த நிமிஷம் போன மானத்தை எந்த சாஃப்ட்வேர் திருப்பிக் கொடுக்கும்?

கடன் நோட்டுக் காலத்தில் இதற்கு ஒரு வழி இருந்தது. கணக்குப்பிள்ளை ஓர் அடிக்கோலை எடுத்து, எழுதப்போகும் வரிக்குக் கீழே வைத்துக்கொள்வார். கண் மேலே கீழே நழுவாது. திரையில் தெரியும் அந்த நீலப் பட்டை, அடிக்கோல் செய்த வேலையைத்தான் செய்கிறது. அடிக்கோல் கண்ணாடி மாதிரி தெரியாமல் இருந்தாலோ, திரும்பிப் பார்ப்பதற்குள் காணாமல் போனாலோ என்ன பிரயோஜனம்?

கொஞ்சம் பின்னால் போவோம். 'முதலில் தேர்ந்தெடு, பிறகு என்ன செய்ய வேண்டும் என்று சொல்' என்ற முறை தானாக வந்துவிடவில்லை. பழைய கம்ப்யூட்டர்களில் கட்டளையை முதலில் அடிக்க வேண்டும்: 'அழி' என்று சொல்லிவிட்டு, பிறகு எதை என்று சொல்ல வேண்டும். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர் போன்றவர்கள் இதைத் திருப்பிப் போட்டார்கள். கட், காப்பி, பேஸ்ட் என்று இன்று தினமும் செய்வதற்குப் பின்னால் இருப்பவர் அவர்தான், 2020ல் காலமானார். முதலில் பொருளைக் காட்டு, அது திரையில் மாறித் தெரியட்டும், பிறகு வினையைச் சொல். தமிழில் பேசுகிறவர்களுக்கு இது புதிதே இல்லை. 'கருப்பையா கணக்கை மூடு' என்றுதானே சொல்கிறோம்? பொருள் முன்னால், வினை கடைசியில்.

1979ல் ஆப்பிள் டூ கம்ப்யூட்டருக்கு வந்த விசிகால்க், பர்சனல் கம்ப்யூட்டருக்கான முதல் ஸ்ப்ரெட்ஷீட், நிற்கிற கட்டத்தை வெள்ளைக்குக் கறுப்பாகத் திருப்பிக் காட்டியது. எழுத்துத் திரையில் நிறமே இல்லாத காலத்தில் அதுதான் வழி. யோசித்தால் அதுவே நல்ல வழி. பார்க்காமல் இருக்கவே முடியாது! பிறகு நிறம் வந்தது. விண்டோஸ் 95ல் கருநீலத்தின்மேல் வெள்ளை எழுத்து. எக்ஸ்பியில் அந்த நீலம் வெளுத்தது. விண்டோஸ் 10ன் எக்ஸ்ப்ளோரரில் வெளிர்நீலத்தின்மேல் கறுப்பு எழுத்து. காலம் போகப் போக அடிக்கோல் மெலிந்துகொண்டே வந்திருக்கிறது.

இதை அளந்து பார்க்க முடியும். வலைப்பக்கங்களை எல்லாரும் படிக்கும்படி செய்வதற்கான டபிள்யூசிஏஜி விதிகள் 2008ல் இரண்டாம் பதிப்பாக வந்தன. இரண்டு நிறங்களுக்கு நடுவே எவ்வளவு வேறுபாடு என்று கணக்கிட ஒரு சூத்திரம் அதில் உண்டு. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும். 2018ல் வந்த 2.1 பதிப்பு, எழுத்தல்லாத முக்கிய அடையாளங்களுக்குக் குறைந்தது 3 வேண்டும் என்றது. விதி வலைப்பக்கங்களுக்கு, ஆனால் கண் எல்லாத் திரைக்கும் ஒன்றுதானே. விண்டோஸ் 95ன் கருநீலத்தில் வெள்ளை எழுத்து 16 வருகிறது. எக்ஸ்பியின் நீலத்தில் 5க்குக் கொஞ்சம் மேல். விண்டோஸ் 10ன் வெளிர்நீலப் பட்டையைப் பக்கத்தில் இருக்கும் வெள்ளை வரியோடு ஒப்பிட்டால் 1.3 அளவுக்குத்தான் வருகிறது. ஏசி அறையில் நல்ல மானிட்டரில் அது அழகாகத் தெரியும். கடை வாசலில் வெயில் அடிக்கும்போது, விலை குறைந்த மானிட்டரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது, எந்த வரி என்று தேட வேண்டியிருக்கும்.

அதனால்தான் நிறத்தை மாற்ற வேண்டிய தேவையே வருகிறது. மாற்றுவது சுலபம். பழைய விஷுவல் பேசிக் ஆறில் ஃப்ளெக்ஸ்கிரிட் வைத்து ப்ராஜெக்ட் செய்த சீனியர்களைக் கேளுங்கள், ஓரிரு ப்ராப்பர்ட்டிதான் என்பார்கள். 2005ல் டாட்நெட் 2.0வோடு வந்த டேட்டாகிரிட்வியூவில் இரண்டு ப்ராப்பர்ட்டி: பின்னணி நிறம் ஒன்று, எழுத்தின் நிறம் ஒன்று. ஜாவா ஸ்விங்கின் ஜேடேபிளிலும் அதே இரண்டு. முதல் பள்ளமே இங்கேதான். பின்னணியை மட்டும் மாற்றிவிட்டு எழுத்தை மறந்துவிடுவது! ஆசையாக மஞ்சள் பட்டை வைப்பார்கள். எழுத்து பழையபடி வெள்ளையாகவே இருக்கும். மஞ்சளில் வெள்ளை எழுத்துக்குக் கணக்குப் போட்டால் 1.1கூட வராது. தேர்ந்தெடுத்த வரி நன்றாகத் தெரியும், அதற்குள் இருக்கிற பேர்தான் தெரியாது. அதே மஞ்சளில் கறுப்பு எழுத்து வைத்தால் 19ஐத் தாண்டும். இரண்டையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்; வேட்டியும் துண்டும் மாதிரி.

இரண்டாவது பள்ளம் ஜாவாக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. ஜேடேபிளில் ஆயிரம் கட்டம் இருந்தால் ஆயிரம் பொருள் உருவாவதில்லை. ரெண்டரர் என்று ஒன்றே ஒன்று இருக்கும். அதை ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் குத்திக்கொண்டே போகும். நிலுவை அதிகம் என்றால் சிவப்பு என்று ஸ்டாம்ப்பில் ஒருமுறை மை தடவிவிட்டு, அடுத்த கட்டத்துக்குப் போகும்போது துடைக்காவிட்டால், கடனே இல்லாதவனின் வரியிலும் சிவப்பு ஒட்டும். 'என் டேபிள்ல கலர் தானா பரவுது' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பல பேருக்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு முறையும் நிறத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: தேர்வானால் இது, இல்லையென்றால் அது.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. வரிக்கு ஏற்கெனவே ஒரு நிறம் இருந்து, அதற்கே ஓர் அர்த்தமும் இருந்தால்? 1996ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, 2009ல் ஸோஹோ என்று பேர் மாறிய நிறுவனம் ஆரம்பத்தில் செய்தது நெட்வொர்க் மேலாண்மை மென்பொருள். அந்த வகை மென்பொருள்களில் நடுநாயகமாக இருப்பது அலாரம் பட்டியல். எந்தக் கருவியில் என்ன கோளாறு என்று வரி வரியாக வரும், கடுமையானது சிவப்பு, லேசானது மஞ்சள் என்று நிறம் பூசியிருக்கும். ஒரு சிவப்பு வரியை க்ளிக் செய்தால் நீலம் வந்து சிவப்பை மூடிவிடும். எந்த வரியை ஆராயப் போகிறோமோ, அதன் கடுமை மட்டும் கண்ணிலிருந்து மறைந்துவிடும்! கியூட்டியிலும் இதே கதைதான். வரிக்குப் பின்னணி நிறம் கொடுத்திருந்தாலும், தேர்வானதும் தேர்வு நிறம் அதன்மேல் வந்து உட்கார்ந்துகொள்ளும். டெலிகேட் எழுதித்தான் மாற்ற வேண்டும்.

தீர்வு எளிமையானது. அர்த்தமுள்ள நிறத்தை வரி முழுக்கப் பூசாமல், இடது ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் வைத்துவிடலாம். தேர்வுப் பட்டை மீதி இடத்தை எடுத்துக்கொள்ளும். அல்லது வரியின் நிறத்தை அப்படியே விட்டுவிட்டு, சுற்றிலும் தடித்த கோடு போடலாம். இரண்டு சேதியும் பிழைக்கும்.

நான்காவது பள்ளம் கடையில்தான் பிடிபடும். வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிற தொகைப் பெட்டிக்குள் க்ளிக் செய்கிறார் கணக்கு எழுதுகிறவர். ஃபோகஸ் அங்கே போய்விட்டது. பட்டியலில் நீலம் என்ன ஆகும்? விண்டோஸின் பழைய லிஸ்ட்வியூவில், தனியாக ஒரு ஸ்டைல் கொடுக்காவிட்டால், ஃபோகஸ் போனதும் நீலமும் காணாமல் போகும். தேர்வு உள்ளே அப்படியே இருக்கும், திரையில் மட்டும் இருக்காது. அடிக்கோலை யாரோ எடுத்துவிட்டார்கள். பேனா இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறது! போதாக்குறைக்கு, அதே லிஸ்ட்வியூ சொல்லாமல் விட்டால் முதல் நெடுவரிசையை மட்டும்தான் நீலமாக்கும். பேர் இடது கோடியில், நிலுவை வலது கோடியில். நடுவில் கண் ஒரு வரி வழுக்கினால் போச்சு. முழு வரியும் நிறம் மாற வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும்.

மேக்கில் இதை வேறு மாதிரி யோசித்திருக்கிறார்கள். பட்டியலில் ஃபோகஸ் இருந்தால் நீலம், இல்லாவிட்டால் சாம்பல். மறைவதில்லை, மங்குகிறது. 2011ல் வந்த லயன் பதிப்பிலிருந்து ஒவ்வொரு வரிக்கும் தனியாக ஒரு ரோவியூ உண்டு. அதிலிருந்து சொந்தமாக ஒன்றை எழுதி, தேர்வை விருப்பம்போல வரைந்துகொள்ளலாம். அப்படி வரைகிறவர்கள் நீலத்தை மட்டும் வரைந்துவிட்டுச் சாம்பலை மறந்துவிடுவார்கள். அப்புறம் இரண்டு பட்டியல் உள்ள ஜன்னலில் இரண்டு நீலம் தெரியும். டெலீட் அழுத்தினால் எது போகும் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதுதான் :-)

ஆக, நிறம் யோசிக்கிறவர்கள் ஒரு நிறத்தை யோசித்தால் போதாது. தேர்வாகி ஃபோகஸும் இருக்கிற வரி, தேர்வாகி ஃபோகஸ் இல்லாத வரி, கீபோர்டு மட்டும் வந்து நிற்கிற புள்ளிக்கோட்டு வரி, மவுஸ் மேலே போகிற வரி என்று நாலு நிலை இருக்கிறது. நாலும் ஒன்றுக்கொன்று வேறாகத் தெரிய வேண்டும். முக்கியமாக, மவுஸ் மேலே போகிற நிறம் தேர்வு நிறத்தைவிட அடர்த்தியாக இருக்கவே கூடாது.

இதுவரை சொன்னதெல்லாம் எந்த மொழிக்கும் பொருந்தும். தமிழுக்கென்று ஒரு சங்கடம் தனியாக உண்டு. டேபிளின் வரி உயரம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்து முடிவாகிறது. விண்டோஸ் 2000ல் வந்த லதாவோ, 2012ல் விண்டோஸ் எட்டோடு வந்த நிர்மலாவோ, தமிழ் எழுத்து மேலேயும் கீழேயும் இடம் கேட்கும். மேலே புள்ளியும் இகரத்தின் வளைவும், கீழே உகரத்தின் வால். உயரத்தைக் கூட்டாமல் விட்டால் ஓரங்கள் வெட்டுப்படும். வெள்ளைப் பின்னணியில் அது அவ்வளவாக உறுத்தாது. தேர்வுப் பட்டை வந்ததும் மேலும் கீழும் கத்தி வைத்த மாதிரி ஓரம் தெரியும், எழுத்து அதற்குள் நெரிபடும்.

'மு. கருப்பையா', 'மூ. கருப்பையா' என்று இரண்டு வரி அடுத்தடுத்து இருக்கிறது. ஒருவர் அப்பா முத்தையா, இன்னொருவர் அப்பா மூக்கையா. திரையில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த மு, மூ எழுத்தின் வாலில் மட்டும்தான். வெட்டுப்படுகிற இடமும் அதுதான்! நிறத்தில் காட்டும் அக்கறையில் பாதியை வரியின் உயரத்தில் காட்டினால் இந்த இரண்டு குடும்பத்துக்கும் புண்ணியம்.

நிறம் பார்க்க முடியாதவர்களை மறந்துவிடக் கூடாது. ஆண்களில் நூற்றுக்குச் சில பேருக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. தேர்வான வரி பச்சை, நிலுவை வரி சிவப்பு என்று வைத்தால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். வரியின் முன்னால் ஒரு சின்ன முக்கோணமோ டிக்கோ போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பார்வை இல்லாதவர்கள் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்து வேலை செய்கிறார்கள். 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் அது, தமிழையும் வாசிக்கும். அது திரையின் நிறத்தைப் பார்ப்பதில்லை, 'எது தேர்வாகியிருக்கிறது?' என்று கண்ட்ரோலைக் கேட்கிறது. டேபிளின் உண்மையான தேர்வை அணைத்துவிட்டு, க்ளிக் செய்த வரிக்குக் கையால் நீலம் பூசுகிற குறுக்குவழியை நிறையப் பேர் பின்பற்றுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு அது தேர்வு. கேட்கிறவர்களுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016லேயே வந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பம் எல்லாருக்கும் எட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், தாசில்தார் ஆபீஸிலோ வங்கியிலோ அந்த நாற்காலியில் பார்வையில்லாத ஒருவர் உட்காரும் நாளுக்காகவாவது யோசிக்கலாம்.

கண் மங்கிய பெரியவர்கள் விண்டோஸில் ஹை கான்ட்ராஸ்ட் போட்டுக்கொள்வார்கள். நிறத்தை நேரடியாக எண்ணாக எழுதிவைத்த சாஃப்ட்வேர் அங்கே மாட்டிக்கொள்ளும்: பாதி நிறம் அவர்களுடையது, பாதி புரோகிராமருடையது. சிஸ்டம் கொடுக்கிற தேர்வு நிறத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. அலங்கரிப்பதற்குச் சரியான காரணம் இல்லையென்றால் அலங்கரிக்காமல் விடுவதே நல்லது.

2018 நவம்பர் 16ம் தேதி கஜா புயல் கரையேறியபோது புதுக்கோட்டை மாவட்டமும் மிக மோசமாக அடிபட்டது. தென்னை சாய்ந்தது, கூரை பறந்தது. அந்த மாதிரி நேரங்களில் எல்லாம் பட்டியலாகத்தான் மாறும்: யாருக்கு வீடு போனது, யாருக்கு எத்தனை மரம், எந்த வங்கிக் கணக்கு. ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் கூரையில்லாத ஒரு குடும்பம். ராத்திரி வெகுநேரம் கண் விழித்து அதை உள்ளிடுகிறவருக்கு, தான் எந்த வரியில் நிற்கிறோம் என்று சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அந்த நீலப் பட்டையிடம் எதிர்பார்ப்பது.

நிறத்தை மட்டும் நம்பாமல், செய்யப்போகும் வேலையிலேயே பேரைச் சொல்லிவிடுவது எல்லாவற்றுக்கும் மேலான காவல். 'தேர்ந்தெடுத்த பதிவை அழிக்கவா?' என்று கேட்டால் யாரும் படிக்காமல் 'ஆம்' அழுத்துவார்கள். 'மூ. கருப்பையா, த/பெ மூக்கையா, நிலுவை 1,840 ரூபாய். இதில் சேர்க்கவா?' என்று கேட்டுப் பாருங்கள். விரல் ஒரு நொடி நிற்கும்.

அடுத்த முறை ப்ராஜெக்ட்டில் டேபிள் வைக்கும்போது ஒரு சின்னச் சோதனை. ஒரே மாதிரி பேர் இருபது போட்டு நிரப்புங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள், பிறகு ஜன்னலைத் திறந்து வெயிலை விடுங்கள். ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, பக்கத்துப் பெட்டியில் க்ளிக் செய்து, மூன்றடி தள்ளி நின்று, கம்ப்யூட்டரே தெரியாத அத்தையோ மாமாவோ ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: "இதுல இப்ப யாரு பேரு நிக்குது?"

யோசிக்காமல் சரியான பேரைச் சொல்லிவிட்டால் உங்கள் டேபிள் தயார்.